மூன்றாம் எண்ணுக்கு அசையாத கோடாலி

டாஸ்மேனியாவில் அந்த ஊர்க் கண்காட்சி என்றாலே கோடாலிப் போட்டிதான். கட்டையின் மேல் ஏறி நின்று, இரண்டு பாதங்களுக்கும் நடுவே வெட்டித் துண்டாக்க வேண்டும். ஒலிபெருக்கியில் ஒன்று, இரண்டு என்று எண்ணுவார்கள்; அவரவருக்குத் தந்த எண் வந்ததும் ஓங்க வேண்டும். இளைத்தவர் முந்தித் தொடங்கலாம், பலசாலி பிந்தி. போட்டியின் ஒரே பெண் நெரிடாவுக்குச் சங்கம் கொடுத்த எண் மூன்று. சாம்பியன் டாரலுக்குப் பதினெட்டு.

எண்ணில் அவளுக்குக் குறையில்லை, பெயரில்தான். மைதானப் பலகையில் ஆண்கள் ஏழு பேரும் 'ஆக்ஸ்மேன்', அதாவது கோடாலிக்காரன். அவளுக்கு மட்டும் கீழே தனி வரி, இன்னும் காலி.

சங்கச் செயலாளர் லயனல் ஜவுளிக்கடைக்காரர் மாதிரி பெயர்களை விரித்துப் போட்டார். "ஆக்ஸ்வுமன் இருக்கு. லேடி ஆக்ஸ்மேன் இருக்கு. ஆக்ஸெட், பொம்பளைங்களுக்குன்னே புது வரவு, கச்சிதமா இருக்கும். எதும்மா வேணும்?"

"எதுவும் வேணாம். எல்லாருக்கும் 'உட்சாப்பர்'னு போடுங்க. மரம்தானே வெட்டுறோம்?"

"அட, மேன்னா ஆம்பளைன்னு இல்லம்மா. கெட்டிக்காரன்னு அர்த்தம்."

"அப்ப எனக்கு எதுக்கு தனி வரி?"

லயனல் ஒலிபெருக்கியைக் கையில் எடுத்தார், கூட்டம் சிரிக்கட்டுமென்று. "டாரலோட சேர்ந்து பதினெட்டுல தொடங்கி முதல் மூணு இடத்துக்குள்ள வா, மாத்துறேன்!" கிடைத்த எண்ணை விட்டுக்கொடுத்தவர் அந்த ஊரில் கிடையாது. அந்தத் தைரியம் அவருக்கு.

"சரி," என்றாள் நெரிடா.

மூன்று என்றார் லயனல். அவள் கோடாலி அசையவில்லை.

"ஏய் நெரிடா, தூங்கிட்டியா?" என்று பின்னாலிருந்து ஒரு குரல். ஐந்தில் ஒருவன், எட்டில் இருவர். பக்கத்துக் கட்டையின் சிராய்கள் அவளுடைய வெள்ளைக் கால்சட்டையில் வந்து விழுந்தன. பதினெட்டு என்றதும்தான் ஓங்கினாள்.

டாரல் முதல். நெரிடா நான்காவது.

"அடடா, ஒரே ஒரு இடம்!" லயனலுக்கு மூச்சு வந்தது.

நெரிடா வியர்வையைத் துடைத்துக்கொண்டு ஒலிபெருக்கியை வாங்கினாள். "தோத்துட்டேன். பேச்சு பேச்சுதான். பலகை அப்படியே இருக்கட்டும். மேன்னா கெட்டிக்காரன்னு லயனல் சொன்னாரு. எனக்கு முன்னால தொடங்கி எனக்குப் பின்னால வந்த நாலு பேரையும் என் வரிக்கு இறக்கிடுங்க. ஆக்ஸெட்! கச்சிதமா இருக்கும்."

மைதானம் சிரித்துச் சிரித்துப் புரண்டது. கடைசியாக வந்தவர் லயனலின் மைத்துனர் கெவ்.

"யோவ் லயனல்!" கெவ் கட்டையிலிருந்து குதித்தார். "உட்சாப்பர்னே எழுதித் தொலைய்யா!"

மற்ற மூவரும் அதையே கத்தினார்கள்.

லயனல் பலகையை ஒரு தரம் பார்த்தார், மைத்துனரை ஒரு தரம். "இப்ப பெயிண்டுக்கு எங்க போறது?"

"என் வண்டியில இருக்கு," என்றாள் நெரிடா. "காலையிலயே வாங்கிட்டேன்."