ஒன்றுவிட்ட கோணங்கள்

'கசின்' என்ற சொல்லை எமில்டா அண்ணி எனக்குச் சொல்லித் தந்ததே, அதை எங்கேயும் சொல்லக் கூடாது என்பதற்காகத்தான்.

"வடிவாக் கேள் பிள்ளை. ஒன்றுவிட்ட அண்ணன் எண்டா இங்கிலீசில கசின். அந்தச் சொல் உன்ர வாயில வரக் கூடாது. ஆர் கேட்டாலும் பிரதர். விளங்கிச்சோ?"

"ஓம் அண்ணி."

"சொல்லு பாப்பம்."

"பிரதர்."

"மற்றதை?"

"சொல்ல மாட்டன்."

அது 1990ஆம் ஆண்டின் தொடக்கம். நான் யாழ்ப்பாணத்திலிருந்து இலண்டனுக்கு வந்து சில கிழமைகள்தான் ஆகியிருந்தன. பதினைந்து வயது. கிறிஸ்துராஜா அண்ணையும் எமில்டா அண்ணியும் தெற்கு இலண்டனில் மிச்சம் என்கிற இடத்தில், காசு போட்டு உடுப்புத் தோய்க்கிற கடை ஒன்றின் மேல்மாடியில் இருந்தார்கள். மிச்சம் என்ற பெயரைக் கேட்டபோது, நல்ல இடங்களையெல்லாம் மற்றவர்கள் பிடித்துவிட எங்கள் ஆட்களுக்கு மிஞ்சியது இதுதானாக்கும் என்று நினைத்தேன்.

என் அம்மாவும் அண்ணையின் அம்மாவும் கூடப்பிறந்தவர்கள். எனக்குப் பேச்சு வந்த நாளிலிருந்து அவர் எனக்கு அண்ணைதான். ஒன்றுவிட்ட என்பதெல்லாம் கலியாணம் பேச வருகிற புறத்தியாருக்கு விளங்கப்படுத்துகிற கதை. ஆகவே பள்ளிக்கூடத்தில் சேர்க்கும்போது பிரதர் என்று சொன்னதை நாங்கள் யாரும் பொய்யாக நினைக்கவில்லை. ஸ்ட்ரெதமில் இருக்கிற அருமைநாயகி அக்கா கோயில் வாசலில் வைத்து அண்ணியின் வயிற்றைக் கலக்கும் வரைக்கும் நினைக்கவில்லை.

"பதினாறு வயசுக்குக் கீழ்ப்பட்ட பிள்ளையள் தாய் தேப்பனோட, இல்லாட்டிக் கூடப்பிறந்ததுகளோடதான் இருக்கலாமாம். கசின் எண்டு தெரிஞ்சா கவுன்சில்காரர் வந்து பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போய் வெள்ளைக்காரர் வீட்டில விட்டிடுவினமாம். எங்கட தெருவில ஒரு பெட்டைக்கு அப்பிடித்தான் நடந்தது."

எந்தப் பெட்டை, சட்டம் உண்மையில் என்ன சொல்கிறது என்றெல்லாம் அண்ணி கேட்கவில்லை. கேட்டிருந்தால் அரைவாசிப் பயம் போயிருக்கும். அண்ணியோ முழுப் பயத்தையும் வீட்டுக்குக் கொண்டுவந்து எனக்கும் பங்கு தந்தார். அன்றிலிருந்து நான் பதினாறாவது பிறந்தநாளை எண்ணிக்கொண்டிருந்தேன். அது கார்த்திகையில் வரும்.

பள்ளிக்கூடத்தில் எனக்கு இங்கிலீஸ் போதாது என்று கணிதத்திலும், கெட்டித்தனத்தைப் பார்த்துப் பிரிக்கிற வகுப்புகளில் ஆகக் கடைசிச் செற்றில் போட்டார்கள். அந்தச் செற்றில் இருந்தால், என்னதான் வெட்டிப் புடுங்கினாலும் நடுத்தரப் புள்ளிக்கு மேல் தராத சோதனைக்குத்தான் விடுவார்கள். அதற்குப் பிறகு உயர்தரத்தில் கணிதம் படிக்கிற எண்ணத்தை மறந்துவிட வேண்டியதுதான். என்னிடம் இருந்த ஒரே கெட்டித்தனம் கணிதம். அதையும் பறித்துவிட்டால் நான் இந்த ஊரில் வாயில்லாத ஒருத்தி, அவ்வளவுதான்.

ஒருநாள் அந்த வகுப்பில் ஒரு முக்கோணியைத் தந்து, மூன்று கோணங்களையும் பாகைமானியால் அளந்து கூட்டச் சொன்னார்கள். ஒருத்தனுக்கு 178 வந்தது. ஒருத்திக்கு 183. பரவாயில்லை, கிட்டத்தட்ட 180 என்றார் வாத்தியார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கேத்திரகணிதத்தில் கிட்டத்தட்ட என்று ஒரு விடை உண்டா? அளந்து பார்ப்பதற்கு எதற்குப் பள்ளிக்கூடம், தையல்கடை போதுமே! தாளைத் திருப்பி, உச்சியினூடாக அடிக்குச் சமாந்தரமாக ஒரு கோடு கீறி, ஊரில் படித்தபடி குறியீடுகளாலேயே நிறுவிக் கொடுத்துவிட்டு வந்தேன்.

அந்தத் தாள் முதலாம் செற் படிப்பிக்கிற மிஸிஸ் ஃபிளெச்சரின் கைக்குப் போயிற்று. உயரமான, சிரிப்பை இலேசில் செலவழிக்காத மனுசி. புரட்டாதியில் ஒரு பின்னேரம் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, ஒரு வினாத்தாளை முன்னால் வைத்து, இதைச் சரியாகச் செய்தால் முதலாம் செற்றுக்கு எடுப்பேன் என்றார். அந்த அளவு இங்கிலீஸ் எனக்கு விளங்கியது.

ஒரு இணைகரம். அதன் எதிர்ப்பக்கங்கள் சமன் என்று நிறுவ வேண்டும். தாளில் மேலே 'கிவன்' என்று போட்டு, ABCD ஒரு இணைகரம் என்று இருந்தது. கீழே 'டு புரூவ்'. பார்த்ததும் உடம்பெல்லாம் குளிர்ந்தது. தரவு, நிறுவ வேண்டியது! ஊரில் சிஸ்டர் செபமாலை கரும்பலகையில் எழுதுகிற அதே ஒழுங்கு. 'தரவு எண்டா தந்தாச்சு, அதை ஒருத்தரும் கேள்வி கேக்கேலாது' என்பார் அவர். நான் ஒரு மூலைவிட்டத்தைக் கீறி இணைகரத்தை இரண்டு முக்கோணிகளாக்கினேன். இரண்டும் ஒருங்கிசையும், அதாவது ஒன்றன்மேல் ஒன்று அச்சொட்டாகப் பொருந்தும் என்று காட்டினால் வேலை முடிந்தது. அதற்கு முதலில் இந்தக் கோணமும் அந்தக் கோணமும் சமன் என்று சொல்ல வேண்டும். காரணம்?

காரணம் எழுதாத வரி நிறுவலில் சேராது. இரண்டு சமாந்தரக் கோடுகளை ஒரு கோடு குறுக்கே வெட்டும்போது, உள்ளே அதன் இரண்டு பக்கமும் இசட் எழுத்தின் மூலைகளில் வருகிற கோணங்கள் அவை. தமிழில் பெயர் நுனிநாக்கில் நின்றது. ஒன்றுவிட்ட கோணங்கள். இங்கிலீசில்?

மிஸிஸ் ஃபிளெச்சர் மணிக்கூட்டைப் பார்த்தார். ஒன்றுவிட்ட என்பதற்கு எனக்கு இங்கிலீசில் ஒரே ஒரு சொல்தான் தெரியும். அடைப்புக்குள் 'கசின் ஆங்கிள்ஸ்' என்று எழுதினேன். அடுத்த சோடிக் கோணங்களுக்கும் அதையே எழுதிக் கொடுத்துவிட்டு, பெரிய வேலை முடித்தவள் மாதிரி வெளியே வந்தேன்.

பஸ்ஸில் ஏறி இருந்த பிறகுதான் செய்த வேலை உறைத்தது. வாயில் வரக் கூடாத சொல்லைக் கையால் எழுதி, ஒன்றுக்கு இரண்டு தரம் எழுதி, கொடுத்துவிட்டு வந்திருக்கிறேன்.

இரண்டு நாள் வீட்டில் மூச்சுக் காட்டவில்லை. மூன்றாம் நாள் மிஸிஸ் ஃபிளெச்சர் நடைபாதையில் என்னை நிறுத்தி, வியாழக்கிழமை பள்ளி விட்டதும் உன் சகோதரனைக் கூட்டிக்கொண்டு வா என்றார். இனி மறைக்க வழியில்லை.

"ஏன் வரச் சொன்னவ? நீ என்ன சொன்னனீ?" என்று அண்ணி அகப்பையோடு குசினிக்கு வெளியே வந்தார்.

"நான் ஒண்டும் சொல்லேல்லை அண்ணி. எழுதினனான்."

"எழுதினனியோ!"

நான் நடந்ததைச் சொல்லச் சொல்ல அண்ணியின் முகம் வெளிறிக்கொண்டு போனது. திட்டவில்லை. திட்டியிருந்தால் எனக்கு நல்லாய் இருந்திருக்கும். "மாதாவே, இன்னும் ரெண்டு மாசம்தானே இருந்தது" என்று மட்டும் சொன்னார். அன்று இரவு ஒருவருக்கும் சாப்பாடு இறங்கவில்லை.

வியாழக்கிழமை அண்ணை பெற்றோல் ஷெட் ஷிப்டை மாற்றிக்கொண்டு வந்தார். அண்ணி அவருக்குக் கோயிலுக்குப் போடுகிற சேட்டை ஸ்திரிக்கை போட்டுக் கொடுத்து, வாசல்வரை வந்து பாடம் எடுத்தார். அண்ணைக்கு ஒரு பழக்கம் உண்டு. எதை விளங்கப்படுத்தினாலும் உதாரணம் வேண்டும். கைக்கு எட்டியதை எடுத்து உதாரணம் காட்டாமல் அவரால் ஒரு கதையையும் முடிக்க ஏலாது.

"இஞ்சேருங்கோ, கேட்டதுக்கு மட்டும் பதில். உதாரணம் ஒண்டும் வேண்டாம். என்ர தலையில அடிச்சுச் சத்தியம் பண்ணுங்கோ."

"சரியப்பா, சரி" என்றார் அண்ணை.

வகுப்பறையில் எங்கள் மூன்று பேரையும் தவிர வேறு யாரும் இல்லை. மிஸிஸ் ஃபிளெச்சர் என் தாளை மேசையில் விரித்தார். கசின் என்ற இரண்டு இடத்திலும் சிவப்பு வட்டம்.

"ஒவ்வொரு வரியும் சரி" என்றார். "ஆனால் இந்தக் காரணம் எனக்கு விளங்கவில்லை. உங்கள் தங்கை டொலறஸ் விளங்கிச் செய்தாளா, ஏதோ ஒரு சொல்லைப் போட்டு நிரப்பினாளா என்று தெரியாமல் முதலாம் செற்றில் விட ஏலாது. அவளுக்குச் சொல்லக் கஷ்டமாக இருந்தால் நீங்கள் உதவலாம் என்றுதான் வரச் சொன்னேன். கசின் ஆங்கிள்ஸ் என்றால் என்ன?"

அவருக்குக் கோணத்தைப் பற்றித்தான் கவலை! ஆனால் சொன்னால் கசின் என்றால் என்ன என்று எனக்குத் தெரியும் என்றாகிவிடும், அது எங்கே கொண்டுபோய் விடுமோ. சொல்லாவிட்டால் பாகைமானியும் கிட்டத்தட்ட 180உம்தான் என் விதி. அண்ணையைப் பார்த்தேன்.

அண்ணை என் முகத்தைப் பார்க்கவில்லை. தாளையே பார்த்தார். அவரும் என்னைப் போல ஊரில் தமிழில் கேத்திரகணிதம் படித்தவர்தானே. முகம் மெல்ல மலர்ந்தது.

"அட, இது ஒன்றுவிட்ட கோணமெல்லே!"

பேனையைக் கேட்டு வாங்கினார். தனக்குத் தெரிந்த இங்கிலீசில், இந்தக் கோணம், அந்தக் கோணம், நடுவில் இந்தக் கோடு, நேரே பக்கத்தில் இல்லை, ஒன்றை விட்டு மற்றது, ஆனால் இரண்டும் சமன், எங்கள் பாசையில் இதற்கும் கசினுக்கும் ஒரே சொல் என்று கீறிக் கீறிக் காட்டினார். மிஸிஸ் ஃபிளெச்சர் குனிந்து பார்த்தார். "ஏன் அப்படி ஒரே சொல்?" என்று உண்மையான ஆவலோடு கேட்டார்.

"ஃபோர் எக்சாம்பிள்" என்றார் அண்ணை.

நான் அவருடைய காலை மிதித்தேன். அவருக்கு உறைக்கவில்லை.

"என்ர அம்மா, இவளின்ர அம்மா, சிஸ்டர்ஸ். நான் இவளுக்கு நேரே பக்கத்தில இல்லை. ஒண்டு விட்டு. ஆகவே நான் கசின் பிரதர்." ஒரு கோணத்தைத் தொட்டுத் தன் நெஞ்சைக் காட்டினார். மற்றக் கோணத்தைத் தொட்டு என்னைக் காட்டினார். பிறகுதான் தான் சொன்னது தன் காதிலேயே விழுந்தது. பேனை தாளில் அப்படியே நின்றது.

மிஸிஸ் ஃபிளெச்சர் நிமிர்ந்தார்.

"நீங்கள் சகோதரன் என்றல்லவா எனக்குச் சொல்லியிருந்தார்கள்?"

அண்ணைக்கு இருந்த இங்கிலீஸ் முழுதும் போய்விட்டது. அவருடைய காது மடல்கள் சிவந்ததைக் கண்டேன். நான் வந்த நாளிலிருந்து என்னைக் கொண்டுதிரிந்து சப்பாத்து, குளிர்க்கோட்டு வாங்கித் தந்த மனுசன், எனக்குக் காய்ச்சல் வந்தபோது வேலைக்குப் போகாமல் இருந்த மனுசன், களவெடுத்துப் பிடிபட்டவர் மாதிரி அந்தச் சின்னக் கதிரையில் கூனிப்போய் இருந்தார். எனக்குப் பயத்தை மிஞ்சிக்கொண்டு கோபம் வந்தது. அவரை யார் இப்படிக் கேட்பது? அவர் அண்ணை என்பதை யாருக்கு நாங்கள் நிறுவ வேண்டும்?

தாளை இழுத்தேன். மேலே இருந்த 'கிவன்' என்ற சொல்லில் விரலை ஊன்றினேன்.

"மிஸ். பிரதர் இஸ் கிவன்."

"கிவன்?"

"யெஸ் மிஸ்." விரலை அடுத்த வரிக்கு நகர்த்தினேன். "நொட் டு புரூவ்."

அவர் சிவப்புப் பேனையை எடுத்து, கசின் என்ற சொல்லை இரண்டு இடத்திலும் வெட்டி, மேலே 'ஆல்டர்நேட்' என்று எழுதி, பக்கத்தில் சரி போட்டார். "இதுதான் சொல். பாடமாக்கிக்கொள். திங்கட்கிழமை முதலாம் செற்றுக்கு வா" என்றார். சகோதரனைப் பற்றி ஒரு வார்த்தையும் பேசவில்லை. எங்களுக்கும் கேட்கத் துணிவு இல்லை.

வீட்டுப் படியில் அண்ணி நின்றார். அண்ணையின் முகத்தைப் பார்த்ததும், "உதாரணம் சொன்னீங்களோ?" என்று கேட்டார். அண்ணை குனிந்து சப்பாத்தைக் கழற்றினார்.

அதற்குப் பிறகு வந்த கிழமைகளில் முதலாம் செற்றில் வட்டத் தேற்றங்கள் நடந்தன. நான் தேற்றத்தைப் பார்த்ததைவிட மிஸிஸ் ஃபிளெச்சரின் முகத்தைப் பார்த்ததுதான் கூட. சொல்லிவிட்டாரா, சொல்லப் போகிறாரா? அந்த முகத்தில் ஒன்றும் எழுதியிருக்கவில்லை. வீட்டு மணி அடித்தால் நாங்கள் மூன்று பேரும் சிலையானோம். காஸ் மீற்றர் பார்க்க வந்த பாவப்பட்ட மனுசனுக்குப் பயந்து அண்ணி என்னைக் குளியலறைக்குள் தள்ளிப் பூட்டினார். ஆசைப்பட்ட செற் கிடைத்தும் ஒரு நாள்கூட எனக்கு அதைக் கொண்டாட மனம் வரவில்லை.

யாரும் வரவில்லை. கார்த்திகை வந்தது.

என் பதினாறாவது பிறந்தநாளன்று காலை விழித்தபோது வீடெல்லாம் ரவை வறுக்கிற வாசம். அண்ணி என் நெற்றியில் சிலுவை அடையாளம் போட்டு, கொஞ்சி, கொஞ்ச நேரம் என் தலையை விடாமல் பிடித்துக்கொண்டு நின்றார். பிறகு விறுவிறென்று குசினிக்குப் போய், குளிர் அடிக்கிறதே என்றும் பாராமல் யன்னலை அகலத் திறந்து, தெருவைப் பார்த்துக் கத்தினார்.

"கசின்! கசின்! கசின்!"

கீழே உடுப்புக் கூடையோடு நின்ற வெள்ளைக்காரக் கிழவி நிமிர்ந்து பார்த்தாள். அண்ணி சிரித்தார், கண்ணால் ஓடிய தண்ணியைத் துடைக்கவும் இல்லை. நானும் யன்னலில் சாய்ந்து சேர்ந்து கத்தினேன். அத்தனை மாதமும் விழுங்கி வைத்திருந்த சொல், ஐஸ் மாதிரி இருந்த காற்றில் எங்கள் இரண்டு பேரின் வாயிலிருந்தும் புகையாகப் போனது.

முகமெல்லாம் சவர்க்கார நுரையோடு அண்ணை குளியலறைக்குள் இருந்து ஓடி வந்தார். எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். அவருக்கு உண்மையிலேயே கோபம் வந்திருந்தது.

"ஆர் கசின்?" என்றார். "நான் இவளின்ர அண்ணை."