மாப்பிள்ளை தொடாத ஸ்பேனர்

சித்தூர்ச் சபையில் சத்தியநாதன் வீட்டுக்கு ஒரு பட்டப்பெயர் உண்டு. "மாப்பிள்ளையைத் தண்ணி சேந்த விட்ட வீடு" என்பார்கள். 1949-இல் அவருடைய தங்கை கணவர் மறுவீட்டுக்கு வந்திருந்தபோது, விடியற்காலையில் யாரையும் எழுப்ப மனமில்லாமல், தானே கிணற்றில் ஒரு வாளி தண்ணீர் இறைத்து முகம் கழுவிக்கொண்டார். நடந்தது அவ்வளவுதான். ஆனால் வேலிக்கு அந்தப் பக்கமிருந்து யாரோ பார்த்துவிட்டார்கள். அந்த ஒரு வாளித் தண்ணீர் இருபத்தேழு வருஷமாக வற்றவே இல்லை. ஞாயிறு ஆராதனை முடிந்து மரத்தடியில் பேச்சு எழும்போதெல்லாம் யாராவது அதை ஒரு கை அள்ளித் தெளித்துவிட்டுப் போவார்கள்.

ஆகவே மகள் ஜெயகுமாரியின் கல்யாணம் முடிந்து, மாப்பிள்ளை ஜெபதாஸ் மறுவீட்டுக்கு வந்த மூன்று நாளும் சத்தியநாதன் காவல்காரரைப் போல வளைய வந்தார். மிஷன் பள்ளியில் முப்பது வருஷம் ஹெட்மாஸ்டராக இருந்து ஓய்வு பெற்றவர். ஐந்நூறு பிள்ளைகளை அடக்கியவருக்கு ஒரு மாப்பிள்ளையைச் சும்மா உட்கார வைப்பது பெரிய காரியமா? மாப்பிள்ளை கை கழுவ எழுந்தால் சொம்பு தானே அவர் முன்னால் வந்து நின்றது. செருப்பைத் தேடினால் செருப்பு வந்தது. மாப்பிள்ளைக்குத்தான் கையை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை.

மூன்றாம் நாள் காலை பெண்ணையும் மாப்பிள்ளையையும் திருப்பதியில் மாப்பிள்ளை வீட்டில் கொண்டுபோய் விட வேண்டும். மதியம் ஒரு மணிக்கு அங்கே விருந்து. "எம் பொண்ணு பஸ்ல வந்து எறங்க மாட்டா. எங்க வண்டியிலதான் வருவா" என்று சத்தியநாதன் கல்யாணப் பந்தியிலேயே எல்லார் காதிலும் விழச் சொல்லியிருந்தார். வண்டி என்றால் 1960-ஆம் வருஷத்து அம்பாசடர். மிஷன் ஆஸ்பத்திரி டாக்டரம்மா தன் நாட்டுக்குத் திரும்பியபோது அவரிடம் வாங்கியது. அதைத் தானே துடைத்து, தானே எண்ணெய் மாற்றி, தானே ஓட்டுவார். இன்னொருவர் கைபட விட்டதில்லை.

ஒரு வாரமாக வண்டி கிளப்பும்போது கீச்சென்று கத்திக்கொண்டிருந்தது. ஃபேன் பெல்ட் என்று அவருக்குத் தெரியும். துணி துவைக்கிற சோப்பை ஒரு தடவு தடவி வாயை அடைத்து வைத்திருந்தார். அன்று காலை ஆறரை மணிக்கு பானெட்டைத் திறந்து பார்த்தால், பெல்ட்டின் உட்புறம் கோடைக்கால ஏரி மாதிரி வெடித்திருந்தது. ஓரத்தில் நூல் பிரிந்து தொங்கியது.

"ஏங்க, பக்கத்துத் தெரு மெக்கானிக்கக் கூப்ட்டு அனுப்பட்டா?" என்றாள் மனைவி ஞானமணி.

"எதுக்கு? ஸ்பேர் பெல்ட்டு இருக்குது. அர மணி நேர வேலை."

"மாப்பிள்ள பஸ் டிப்போவுலதான வேலை பாக்கறாரு. அவுர ஒரு வார்த்த..."

சத்தியநாதன் திரும்பிப் பார்த்த பார்வையில் அவள் வாக்கியம் பாதியில் நின்றது.

"அவுரு டிப்போவுல ஆபீசர். இது அவுரு மாமனார் வீடு. இன்னொரு வாளித் தண்ணிக் கத வேணுமா உனக்கு?"

மாமரத்தடியில் மாப்பிள்ளைக்கு நாற்காலி போடப்பட்டது. வெள்ளைச் சட்டை, வெள்ளைப் பேண்ட், கையில் செய்தித்தாள். ஜெபதாஸ் தாளைப் பிரித்தார். ஆனால் கண் தாளின் மேல்விளிம்பைத் தாண்டி வண்டியிலேயே இருந்தது.

சத்தியநாதன் ஸ்பேனரை எடுத்தார். இன்ஜினுக்குப் பக்கத்தில் உருளையாக உட்கார்ந்திருக்கும் டைனமோவை உள்பக்கம் தள்ளினால்தான் பெல்ட் தளரும். அதன் கீழே நீளத் துளையுள்ள ஒரு பட்டையில் போல்ட் இருந்தது. அதைத் தளர்த்தினார். டைனமோவைத் தள்ளினார். அது அசையவில்லை. முழங்காலை வைத்துத் தள்ளினார். பிரசங்கத்துக்கு நடுவே தூங்குகிறவரைப் போல அது அப்படியே இருந்தது.

"மாமா, அந்த மேல் போல்ட்டு..." என்று நாற்காலியிலிருந்து குரல் வந்தது. மாப்பிள்ளை பாதி எழுந்திருந்தார்.

"உக்காருங்க மாப்பிள்ள!" என்றார் சத்தியநாதன், தலையைத் தூக்காமல். "இந்த வீட்டுல நீங்க கையும் அசைக்க வேணாம், வாயும் அசைக்க வேணாம். இட்லி துன்றதுக்குத் தவிர."

ஜெபதாஸ் உட்கார்ந்தார்.

தள்ளினால்தானே வம்பு என்று சத்தியநாதன் சமையலறையிலிருந்து கத்தியை வாங்கிவந்து பழைய பெல்ட்டை அறுத்துப் போட்டார். அது செத்த பாம்பு போல மண்ணில் விழுந்தது. இனி பின்வாங்க வழியில்லை. புதுப் பெல்ட்டை ஃபேன் இறக்கைகளுக்கு மேலாக ஒவ்வொன்றாக நுழைத்து, கீழ்ச் சக்கரத்தில் மாட்டினார். நடுச் சக்கரத்திலும் உட்கார்ந்தது. டைனமோ சக்கரத்துக்கு வந்தபோது இரண்டு விரல்கடை எட்டவில்லை. இழுத்தார். வியர்வை மூக்கு நுனியில் வந்து நின்றது. மணி ஏழரை.

கடைசியில் பெரிய ஸ்க்ரூட்ரைவரை எடுத்தார். பெல்ட்டுக்கு அடியில் கொடுத்து நெம்பி ஏற்றிவிடுவது என்று முடிவு. நெம்புகோல் தத்துவத்தை முப்பது வருஷம் கரும்பலகையில் எழுதியவர் அல்லவா!

மரத்தடியில் தாள் கசங்கும் சத்தம் கேட்டது. அப்போது ஜெயகுமாரி காபி கொண்டுவந்தாள்.

"ஜெயா," என்றார் ஜெபதாஸ், தேவைக்கு அதிகமாகவே உரத்த குரலில். "எங்க டிப்போவுல பாலையான்னு ஒர்த்தர் இருக்காரு. அவர் கதய உனக்குச் சொன்னனா?"

ஜெயகுமாரி புருஷன் முகத்தைப் பார்த்தாள். பிறகு அப்பாவின் கையிலிருந்த ஸ்க்ரூட்ரைவரைப் பார்த்தாள். ஹெட்மாஸ்டர் மகள், விஷயம் உடனே பிடிபட்டது.

"இல்லியே, சொல்லுங்க" என்று தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள்.

"பலே ஆளு. ஒரு நாளு பெல்ட்டு மாட்டிக்கினு இருந்தாரு. ஏறல. ஸ்க்ரூட்ரைவரப் போட்டு நெம்பி ஏத்திட்டாரு."

"ஏறிச்சா?"

"ஏறிச்சு. ஆனா உள்ள இருக்கற நூலு அறுந்துபோச்சு. வெளிய பாத்தா ஒண்ணும் தெரியாது. பூதலப்பட்டு தாண்டினதும் பட்டுனு போச்சு. அம்பது பேரு ரோட்டுல."

"அய்யய்யோ!"

பானெட்டுக்குள் ஸ்க்ரூட்ரைவர் நின்றது.

"அப்புறம் என்னா பண்ணாரு?" என்றாள் ஜெயகுமாரி. அவள் குரல் காம்பவுண்டு சுவர் வரைக்கும் கேட்டது.

"அப்புறந்தான் புத்தி வந்திச்சு. கதவு தெறக்கணும்னா தாப்பாளத் தெறந்தா மட்டும் போதுமா? கீலு துருப்புடிச்சி இறுகிக் கெடந்தா கதவு எப்படி அசையும்? கீழ் போல்ட்டு தாப்பாளு. மேல ரெண்டு போல்ட்டு இருக்குது, அதுங்கதான் கீலு. முன்னால இருக்கறது கண்ணுக்குத் தெரியும். பின்னால ஒண்ணு ஒளிஞ்சிக்கினு இருக்கும். கையத் தடவித்தான் கண்டுபுடிக்கணும். ரெண்டையும் லேசா லூஸ் பண்ணா டைனமோ ஊஞ்சல் மாதிரி ஆடும்."

ஸ்க்ரூட்ரைவர் கீழே போய், ஸ்பேனர் மேலே வந்தது. பிறகு சத்தியநாதன் யாரிடமும் இல்லாமல், "நானும் அதத்தான் நெனச்சிக்கினு இருந்தேன்" என்றார்.

முன்போல்ட் கிடைத்தது. பின்போல்ட்டைத் தேடி அவர் கை டைனமோவின் முதுகுப் பக்கம் போனது. விரல் முட்டியில் தோல் உரிந்தது. கிடைத்தது! கிர்ரென்று ஒரு சுற்று. டைனமோ தொங்கி உள்ளே சாய்ந்தது. பெல்ட் தன் பள்ளத்தில் போய்ச் சொகுசாக உட்கார்ந்தது.

சத்தியநாதன் நிமிர்ந்து மீசையைத் துடைத்துக்கொண்டார். கரி மீசையில் ஏறியது. இனி டைனமோவை வெளிப்பக்கம் இழுத்துப் பெல்ட்டை விறைப்பாக்க வேண்டும். எதிலும் விறைப்பு அவருக்குப் பிடிக்கும். கடப்பாரையைக் கொண்டுவந்து டைனமோவுக்கும் இன்ஜினுக்கும் நடுவே கொடுத்தார். பெல்ட் வீணைக் கம்பி மாதிரி ஆயிற்று.

"பாவம் அந்த பாலையா" என்று பெருமூச்சு விட்டார் ஜெபதாஸ்.

"இன்னும் என்னா ஆச்சு அவருக்கு?"

"இழுத்துக் கட்டிட்டாரு. ரொம்ப இறுக்கினா டைனமோ பேரிங் அழ ஆரம்பிச்சிடும். ஒரு மாசத்துல போயிடும். கட்ட வெரல நடுவுல வெச்சி அமுக்கினா அர இஞ்ச் எறங்கணும். கொறையவும் கூடாது, அதிகமாவும் கூடாது."

கடப்பாரை தளர்ந்தது. ஒரு கட்டைவிரல் பெல்ட்டின் மேல் இறங்கியது. பள்ளி நாளில் வாங்கிய மர ஸ்கேல் வீட்டுக்குள்ளிருந்து வரவழைக்கப்பட்டது. அரை அங்குலம் அளந்து, மூன்று போல்ட்டையும் இறுக்கிவிட்டுத்தான் சத்தியநாதன் சாவியைத் திருப்பினார். இன்ஜின் கிளம்பியது. கீச்சு இல்லை. டாஷ்போர்டில் சார்ஜ் ஏறவில்லை என்று காட்டும் சிவப்பு விளக்கு அணைந்தது.

"பாத்தியா?" என்றார் மனைவியிடம். "மாப்பிள்ள நாற்காலிய விட்டு எழுந்திருக்கவே இல்ல."

"பாத்தேன், பாத்தேன். ஆனா அந்த பாலையாதான் பாவம், காலையிலேருந்து நிக்க நேரமில்ல" என்றாள் ஞானமணி, முந்தானையால் வாயை மூடிக்கொண்டு.

பூதலப்பட்டு தாண்டியபோது பட்டென்று எதுவும் போகவில்லை. சந்திரகிரிக் கோட்டை தெரிந்தபோது சத்தியநாதன் ஸ்டியரிங்கில் விரலால் தாளம் போட்டார். பன்னிரண்டரைக்குத் திருப்பதியில் சம்பந்தி வீட்டு வாசலில், தெருவே பார்க்க, பெண் சொந்த வண்டியிலிருந்து இறங்கினாள்.

"ரண்டி, ரண்டி! வாங்க சம்பந்தி, ஸ்தோத்திரம்!" என்று மாப்பிள்ளையின் தாய் கிருபாபாய் வாசலுக்கே ஓடிவந்தாள். விருந்து பலமாக இருந்தது. மூன்றாவது முறை கறி விழுந்தபோது சத்தியநாதனுக்கு மனசு நிறைந்துவிட்டது. நிறைந்த மனசு நன்றி சொல்லத் துடிக்கும். அதில்தான் வாயைக் கொடுத்தார்.

"சம்பந்தியம்மா, உங்க பையன் டிப்போவுல பாலையான்னு ஒர்த்தர் இருக்காராமே. நல்ல வேலக்காரர் போலிருக்குது. அவருக்கு ஒரு வந்தனம் சொல்லணும்."

கிருபாபாய் கரண்டியோடு நின்றாள். "பாலையாவா? டிப்போ வாசல்ல டீக்கட வெச்சிருக்கானே, அவனா? அவனுக்கு ஸ்பேனர்னா என்னான்னே தெரியாதே. எம் பையந்தான் எட்டு வருசம் மெக்கானிக்கா கெடந்து, போன வருசம் ஆபீசரானான். அவன் கைக்கி அசையாத போல்ட்டு இந்தத் திருப்பதியில..."

சொல்லிக்கொண்டே வந்தவளுக்கு மகன் தலையைக் குனிந்து இலையில் இல்லாத எதையோ தேடுவது தெரிந்தது. மருமகள் தண்ணீர்ச் சொம்பை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

சத்தியநாதன் ஒரு வாய் சோற்றை நிதானமாக மென்று விழுங்கினார். எட்டு வருஷ மெக்கானிக் நாற்காலியில் கைகட்டி உட்கார்ந்து, ஒரு கிழவன் கடப்பாரையோடு டைனமோவை அணுகுவதைப் பார்த்திருக்கிறார். எழுந்திருக்கவில்லை. மாமனார் வீட்டின் பெயரை டீக்கடைக்காரர் தோளில் ஏற்றிப் பத்திரமாகக் கரை சேர்த்திருக்கிறார். சொந்த மகன் இருந்திருந்தாலும் இவ்வளவு செய்திருப்பானா?

"அவரேதான் சம்பந்தியம்மா" என்றார் உறுதியாக. "அந்த டீக்கட பாலையாதான். ரொம்ப வெவரம் தெரிஞ்ச மனுசன்."

சாப்பிட்டு எழுந்ததும் ஜெபதாஸ் சட்டைக் கையை முழங்கைக்கு மேல் மடித்துவிட்டுக்கொண்டு வாசலுக்குப் போனார். பானெட் திறக்கும் சத்தம் கேட்டு சத்தியநாதன் விரைந்து வந்தார்.

"மாப்பிள்ள, என்னா இது?"

"புது பெல்ட்டு மாமா. மொத ஓட்டத்துல கொஞ்சம் நீளும். ஒரு தடவ திரும்ப இழுத்து வெக்கணும்."

"குடுங்க, நான்..."

"உக்காருங்க மாமா." ஜெபதாஸ் ஸ்பேனரைப் பின்னால் ஒளித்துக்கொண்டார். "இது எங்க வூடு. சம்பந்தி வந்த மொத நாளு ஸ்பேனரத் தொட்டார்னா இந்தத் தெருவுல எங்க மானம் என்னாவறது?"

எதிர்வீட்டு ஜன்னலில் இரண்டு தலை தெரிந்தது. கிருபாபாய் நாற்காலி கொண்டுவந்து போட்டாள். சத்தியநாதன் முதுகை நிமிர்த்தி உட்கார்ந்தார். கையை எங்கே வைத்துக்கொள்வது என்று அவருக்கும் தெரியவில்லை. மாப்பிள்ளையின் விரல் பின்போல்ட்டைப் பார்க்காமலே போய்த் தொட்டது. அந்த அழகைப் பார்த்துக்கொண்டே அவர் தொண்டையைச் செருமினார்.

"சம்பந்தியம்மா, எங்க சித்தூர்ல ஒரு ஹெட்மாஸ்டர் இருக்காரு. அவர் கதய உங்களுக்குச் சொன்னனா?"

"இல்லியே, சொல்லுங்க."

"பலே ஆளு. பெல்ட்டு மாட்டறதுக்கு ஒரு நாளு கடப்பாரய எடுத்துக்கினு வந்தாரு..."

பானெட்டுக்குள்ளிருந்து ஸ்பேனர் கீழே விழும் சத்தமும், அதைத் தொடர்ந்து ஒரு சிரிப்பும் வந்தன. ஜெபதாஸ் கட்டைவிரலால் பெல்ட்டை அமுக்கிப் பார்த்துவிட்டு, கைகளைத் துணியில் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தார்.

"முடிஞ்சிச்சு மாமா. வாங்க, பாலையா கடைக்கிப் போய் ஒரு டீ சாப்ட்டு வரலாம்."

"போலாம்" என்று எழுந்தார் சத்தியநாதன். "அவருக்கு நான் கடமப்பட்டிருக்கேன்."