விருந்தினர் தட்டச்சு செய்கிறார்

நானும் என் மாமியாரும் ஒரே நூலகத்தில் வேலை பார்க்கிறோம் என்று சொன்னால் கேட்பவர்கள் முதலில் சிரிப்பார்கள். பிறகு "ஐயோ பாவம்" என்பார்கள். யாரைச் சொல்கிறார்கள் என்று நான் கேட்டுக்கொள்வதில்லை.

அது ஒரு பல்கலைக்கழக நூலகம். உள்ளே நுழைந்ததும் எதிரே தெரிகிற அகலமான மேசை அத்தையுடையது. எதை எங்கே தேடுவது என்று தெரியாமல் முழிக்கிற மாணவர்கள் அங்கேதான் போய் நிற்க வேண்டும். அதை எல்லோரும் டெஸ்க் என்பார்கள். அதே கூடத்தில், தூணுக்குப் பக்கத்தில், கண்ணாடித் தடுப்புக்குள் என் இடம். என் வேலையும் அதேதான், ஆனால் மனிதர்கள் வரமாட்டார்கள். நூலகத்தின் இணையதளத்தில் ஒரு சின்னப் பெட்டி திறக்கும், அதில் கேள்வி வந்து விழும், நான் பதில் அடிப்பேன். கேட்பவரின் பெயர் எனக்குத் தெரியாது. திரையில் 'விருந்தினர்' என்று மட்டும் வரும்.

வேலைக்கான நேர்காணலில் என்னைத் துருவியெடுத்தவர் அத்தை. அதே அத்தை, பின்னாளில் உங்கள் மகனைக் கட்டிக்கொள்கிறேன் என்று நான் போய் நின்றபோது ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை. "லிஃப்ட் ரிப்பேர் பாக்குறவன். எங்க போனாலும் பாதியில நிப்பான், பாத்துக்கோ" என்றார். அவ்வளவுதான்.

டெஸ்க்கில் உட்கார்ந்தால் மட்டும் அவர் வேறு ஆள். மாணவர்கள் அவருக்கு வைத்திருந்த பட்டப்பெயர் 'குறுக்கு விசாரணை'. பாலங்களைப் பற்றி ஒரு புத்தகம் வேண்டும் என்று ஒருவன் வந்தால், எந்தப் பாலம், எந்தக் காலம், எதற்கு, யார் எழுதச் சொன்னது, ஏற்கெனவே எதைப் பார்த்தாய் என்று வரிசையாகப் பிடிப்பார். கடைசியில் கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கி, "சரி, உண்மையில உனக்கு என்னதான் வேணும்?" என்பார். அப்போதுதான் பையன் ஆற்றில் கலக்கிற சாயக் கழிவைப் பற்றி எழுத வேண்டியிருப்பதைக் கக்குவான். அத்தை எழுந்து போய்ச் சரியான அலமாரி முன்னால் அவனை நிறுத்திவிட்டு வருவார். கேட்கிற கேள்விக்குப் பின்னால் இன்னொரு கேள்வி ஒளிந்திருக்கும், அதைப் பிடிப்பதுதான் வேலை என்பது அவர் கட்சி. முக்கால்வாசி நேரம் அவர் கட்சிதான் ஜெயிக்கும். அதை நான் மறுக்கவே இல்லை.

மிச்சக் கால்வாசியைப் பற்றித்தான் நான் பேசினேன். ஒருநாள் ஒரு பெண் வந்து மார்பில் வருகிற கட்டிகளைப் பற்றிப் புத்தகம் இருக்கிறதா என்று மெல்லிய குரலில் கேட்டாள். "படிப்புக்கா? இல்ல யாருக்காவதா?" என்றார் அத்தை. நல்லெண்ணத்தில்தான் கேட்டார். அந்தப் பெண் "பரவாயில்லைங்க" என்று திரும்பி, விறுவிறுவென்று வெளியே போய்விட்டாள். கொஞ்ச நேரத்தில் என் பெட்டியில் அதே கேள்வி வந்தது. நான் யாருக்கு என்று கேட்கவில்லை. கட்டுரைகளை எடுத்துக் கொடுத்தேன். நன்றி என்று வந்தது. எனக்கு அழுகை வந்துவிட்டது.

அதனால்தான் அரட்டைப் பெட்டியின் தலையில் ஒரு வாக்கியத்தைப் போட வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றேன். 'நீங்கள் யார், ஏன் கேட்கிறீர்கள் என்று கேட்கமாட்டோம். நீங்கள் கேட்டதை யாரிடமும் சொல்லமாட்டோம்.' நானே எழுதியது. அதைப் படித்துவிட்டு அத்தை, "கதவுக்கு வெளிய நின்னு பேசுற மாதிரி இருக்கு" என்றார்.

டெஸ்க்கைக் காலையில் மட்டும் வைத்துக்கொண்டால் போதுமா என்று தலைமை நூலகர் கூட்டம் போட்டபோது எல்லாம் வெடித்தது. மூத்தவர்கள் எல்லாம் அந்தப் பக்கம், இளையவர்கள் எல்லாம் இந்தப் பக்கம். கல்யாணத்தில் பெண் வீட்டார், மாப்பிள்ளை வீட்டார் மாதிரி பிரிந்து உட்கார்ந்திருந்தோம்.

"முகத்தப் பாக்காம சொல்ற பதில், பதிலே இல்ல" என்றார் அத்தை.

நான் சும்மா இருந்திருக்கலாம். என் வாய் சும்மா இருக்காது. "முகத்தக் காட்டப் பிடிக்காமத்தான் மேடம், பாதிப் பேர் கேக்கவே வர்றதில்ல. நம்ம கேள்விக்குப் பயந்து அவங்க கேள்விய முழுங்கிட்டுப் போறாங்க."

அவர் வாயைத் திறந்தார். எதுவும் சொல்லாமல் மூடிக்கொண்டார். இளையவர்கள் மேசைக்கு அடியில் என் கையைப் பிடித்துக் குலுக்கினார்கள்.

அன்றிலிருந்து அத்தை பேச்சைக் குறைத்துவிட்டார். வீட்டில் தொலைபேசி அடித்தால் எடுத்து மகன் கையில் கொடுப்பார். டெஸ்க்குக்கு யார் வந்தாலும் ஒரு சின்னப் புன்னகையோடு என் பக்கம் கையைக் காட்டுவார். விசாரணையும் இல்லை, குறுக்கும் இல்லை. குத்திக்காட்டுகிறார் என்றுதான் முதலில் நினைத்தேன். பிறகு, தோல்வியை ஒப்புக்கொண்டுவிட்டார் என்று நினைத்தேன். உண்மையைச் சொன்னால், எனக்குக் கொஞ்சம் குளுகுளுவென்றுகூட இருந்தது.

ஒரு மதிய நேரம். கூடத்தில் மின்விசிறிச் சத்தம் மட்டும்தான். என் பெட்டி டிங் என்றது.

'மோட்டார் நியூரான் நோய். நாக்கிலும் தொண்டையிலும் தொடங்கும் வகை. பெண், வயது ஐம்பத்தெட்டு. நோய் உறுதியான பிறகு எவ்வளவு காலம் சொந்தக் குரலில் பேச முடியும்? கடந்த ஐந்து ஆண்டுகளில் வெளியான மறு ஆய்வுக் கட்டுரைகள் மட்டும் போதும். கலைக்களஞ்சியங்களும் அகராதிகளும் பார்த்தாயிற்று. படிப்புக்காக அல்ல.'

என் பெட்டிக்குக் கேள்விகள் இப்படி வராது. 'அந்த நோய் பத்தி ஏதாவது இருக்கா' என்றுதான் வரும். எந்த வகை, எந்தக் காலம், எதைப் பார்த்தாயிற்று, எதற்கு என்று யாரும் கேட்பதற்கு முன்பே எல்லாவற்றுக்கும் பதில் சொல்லிவிட்டு ஒருவர் கேள்வி கேட்கிறார் என்றால், அவர் வாழ்நாள் முழுவதும் டெஸ்க்கில் உட்கார்ந்தவராக இருக்க வேண்டும். முகத்தை மறைத்துக்கொள்ளத்தான் வந்திருந்தார். ஆனால் பழக்கம் அவரை விடவில்லை.

கண்ணாடித் தடுப்புக்கு மேலாக எட்டிப் பார்த்தேன். அத்தை கணினி முன்னால், கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கிவிட்டு, இரண்டு விரலால் தட்டிக்கொண்டிருந்தார். திரையின் அடியில் 'விருந்தினர் தட்டச்சு செய்கிறார்' என்று வந்தது. அவர் கையை எடுத்தார். அந்த எழுத்தும் போனது.

சாப்பிடும்போது அவருக்கு அடிக்கடி புரையேறியது, இரவானால் பேச்சு குழறியது, களைப்பு என்று நாங்கள் விட்டது, கூட்டத்தில் திறந்த வாய் மூடிக்கொண்டது எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக வந்து நின்றன. அன்று அவர் என்னிடம் தோற்கவில்லை. அவருக்கு வார்த்தை வரவில்லை.

எழுந்து ஓடிப்போய் அவரைக் கட்டிக்கொள்ள வேண்டும் போல் இருந்தது. ஆனால் என் வாக்கியம் என் முன்னாலேயே பெட்டியின் தலையில் இருந்தது. யார், ஏன் என்று கேட்கமாட்டோம். வேறு என்ன செய்வேன்? தேடினேன். தசைகளை ஒவ்வொன்றாக அடக்கிவிடுகிற, குணமாகாத நோய்; நல்ல கட்டுரைகளாகப் பார்த்துப் பொறுக்கினேன். ஆளுக்கு ஆள் மாறும், சிலருக்குச் சில மாதங்கள், சிலருக்குக் கொஞ்சம் கூடுதல் என்று அவற்றில் இருந்ததைக் கூட்டாமல் குறைக்காமல் அடித்தேன். 'நன்றி. தெளிவான பதில்' என்று வந்தது. நேரில் அவர் என்னை அப்படிப் பாராட்டியதே இல்லை.

அதன் பிறகு என் முறை வருகிற மதியங்களில் எல்லாம் வந்தார். விழுங்குவது பற்றி, மூச்சு பற்றி, கழுத்துத் தசை பற்றி. வேறு ஆட்கள் பெட்டியில் இருக்கிற நாட்களில் அந்த விருந்தினர் வரவில்லை. அதை நான் கவனித்தேன், அதற்கு என்ன பொருள் என்று யோசிக்கப் பயந்தேன். மாலையில் இருவரும் ஒரே பேருந்தில் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்து, ஆளுக்கொரு ஜன்னலைப் பார்த்தபடி வீட்டுக்குப் போவோம்.

வீட்டில் என் கணவர் என்னைப் பிடித்துக்கொண்டார். "அம்மா ஏன் வாயே திறக்க மாட்டேங்குறாங்க? அந்த மீட்டிங்ல நீ அப்படி என்னத்தச் சொன்ன?"

"வேலை விஷயம்."

"வேலை விஷயத்துக்கா இத்தன நாள் மூஞ்சியத் தூக்கி வெச்சிருப்பாங்க? எங்கம்மாவ எனக்குத் தெரியாதா? நீதான் போய்ப் பேசணும்."

நாலாவது மாடியில் நின்றுபோன லிஃப்டைத் தொட்டுப் பார்த்தே கோளாறு சொல்கிற மனிதர். பெற்ற அம்மாவின் தொண்டையில் என்ன என்று தெரியவில்லை. அவரைக் குறை சொல்லி என்ன பயன்? எனக்கும் தெரியாமல்தான் இருந்தது. சொல்லிவிடலாம் என்று வாய்வரை வரும். அந்தப் பெண் விறுவிறுவென்று வெளியே போனது நினைவுக்கு வரும். விழுங்கிவிடுவேன்.

பிறகு ஒரு மதியம் இப்படி ஒரு கேள்வி வந்தது. 'இந்த நோய் உள்ளவர்கள் தங்கள் பிள்ளைகளிடம் அதை எப்படிச் சொன்னார்கள்? அவர்களே எழுதிய அனுபவங்கள் இருந்தால் தேவை.'

தேடல் பெட்டியில் என் கை நகரவில்லை. இதற்குக் கட்டுரை எடுத்துக் கொடுக்க என்னால் முடியாது. என் வாக்கியமாவது, கத்தரிக்காயாவது என்று அவருடைய கேள்வியையே அவருக்கு அடித்தேன். 'உண்மையில் உங்களுக்கு என்ன வேண்டும்?'

விருந்தினர் தட்டச்சு செய்கிறார் என்று வந்தது. போனது. மறுபடி வந்தது. நான் தலையைத் தூக்கவில்லை.

'அவனிடம் சொல்லிவிட்டாயா?'

'இல்லை அத்தை.'

'சொல்லாதே. நான் சொல்கிறேன்.'

'எழுதிக் கொடுங்கள். நான் பக்கத்தில் இருக்கிறேன்.'

'முகத்தைப் பார்த்துத்தான் சொல்வேன். வாயால்.'

விருந்தினர் வெளியேறினார் என்றது பெட்டி. நிமிர்ந்தேன். டெஸ்க் முன்னால் ஒரு மாணவன் நின்றிருந்தான். அத்தை அவனைப் பார்த்துப் புன்னகைத்து, என் பக்கம் கையைக் காட்டினார்.

அன்று இரவு சாப்பாட்டு மேசையில் அத்தை தட்டில் எதையும் போட்டுக்கொள்ளவில்லை. கைக்குட்டையால் உதட்டைத் துடைத்துவிட்டு, மகனை நேராகப் பார்த்தார். எனக்குப் புரிந்துவிட்டது. என் கை தண்ணீர் ஜாடியிலேயே நின்றது.

"கண்ணா" என்றார். குரல் கெட்டியாக, ஈரத்துணிக்குள்ளிருந்து வருவது போல் வந்தது. "உங்கி... உங்கித்த ஒண்ணு..." நாக்கு புரளவில்லை. மறுபடி தொடக்கத்திலிருந்து ஆரம்பித்தார். மறுபடியும் குழைந்து உருண்டது. கண்ணில் நீர் கோத்துக்கொண்டது. இந்த நோயில் காரணமில்லாமலும் அழுகை வரும் என்று படித்திருந்தேன்; நோய் அழவைத்ததா அவரே அழுதாரா என்று எனக்குத் தெரியவில்லை.

என் கணவர் பதறி எழுந்து அவர் தோளைப் பிடித்தார். "அம்மா, அழாத. பேசவே முடியல பாரு உனக்கு. விடு, அப்புறம் சொல்லிக்கலாம்." பிறகு என் பக்கம் திரும்பினார். "பாத்தியா நீ பண்ணதை? இப்பவே மன்னிப்பு கேளு."

அத்தையைப் பார்த்தேன். சொல்லட்டுமா என்று என் முகம் கேட்டது அவருக்குத் தெரிந்திருக்கும், முகம் பார்ப்பதில் அவரை மிஞ்ச ஆளில்லை. தலையை மிக லேசாக, இல்லை என்று ஆட்டினார்.

"மன்னிச்சிடுங்க அத்தை" என்றேன். "நான் அன்னிக்குப் பேசினது தப்பு."

அவர் கண்ணை மூடித் தலையசைத்தார். மேசைக்கு அடியில் அவர் கை வந்து என் கையைத் தேடிப் பிடித்துக்கொண்டது.

"அவ்ளோதான்" என்றார் என் கணவர், பெரிய பாரம் இறங்கிய மாதிரி. "இனிமே நீ பழையபடி பேசணும், சரியாம்மா?" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்து, தன் தட்டில் சாப்பாட்டைப் போட்டுக்கொண்டார்.