இறம்பொடைக்குக் கீழே ஒரு சத்தம்

கார் கைக்கு வந்து ஒரு கிழமைகூட ஆகவில்லை. அதற்குள் மேடு ஏறினால் போதும், தகரடப்பாவில் கொட்டைப்பாக்கைப் போட்டுக் குலுக்கியதுபோல் எஞ்சினுக்குள் கடகடவென்று ஒரு சத்தம்!

புசல்லாவையில் துணிக்கடை வைத்திருந்த லாபிர் சும்மா இருக்கிற ஆளா? சீட்டைக் கழற்றிப் பார்த்தான். புகைக்குழாயைக் கம்பி போட்டு இறுக்கினான். கண்ணில் பட்ட நட்டையெல்லாம் முறுக்கினான். சத்தம் போகவில்லை. கோபம் தலைக்கேறிவிட்டது. ஞாயிற்றுக்கிழமை பஸ் ஏறி, மலைக்கு மேலே இருக்கும் கந்தப்பளைக்குப் போய், கோயில் பூசை முடிந்து வந்த றோலண்டைக் கடைவீதியில் மறித்து, ஊர் பார்க்க, "கள்ளன்! ஓட்டைக் காரைத் தள்ளிவிட்ட கள்ளன்!" என்று கத்திவிட்டு வந்தான்.

றோலண்ட் தேயிலைத் தோட்டத்து வெள்ளைக்காரத் துரையின் டிரைவர். துரைமார் ஒவ்வொருவராகக் கப்பலேறிக்கொண்டிருந்த காலம் அது. அவனுடைய துரையும் போகும்போது காரை அவனுக்கே கொடுத்துவிட்டுப் போனார். அதைத்தான் றோலண்ட் தன் சினேகிதனுக்கு விற்றான். சின்ன வயதில் ஒரே பந்தை உதைத்தவர்கள் இருவரும். லாபிரின் கலியாணத்தில் முதல் ஆளாய் நின்று பந்தி பரிமாறியவன் றோலண்ட். அவனைப் போய்!

"காரை இங்க கொண்டு வா. சத்தம் கேட்டா நான் திருப்பி எடுத்துக்கிறேன். கேக்கலன்னா, இதே இடத்துல நின்னு பொய் சொன்னேன்னு நீ சொல்லணும். எப்படியானாலும் அதுக்கப்புறம் நீ யாரோ, நான் யாரோ" என்று அங்கேயே சொல்லிவிட்டான் றோலண்ட்.

அடுத்த ஞாயிறு லாபிர் காரை எடுத்தபோது, அவன் மனைவி றுக்கையா பின்சீட்டில் ஏறிக்கொண்டாள். பிறந்து வளர்ந்த இடம் அவளுக்குக் கந்தப்பளைதான்.

"நீ என்னத்துக்கு?"

"ரெண்டு பேரும் அடிச்சுக்கிட்டா விலக்க ஆள் வேணாமா?"

இறம்பொடை வரைக்கும் கார் மேட்டுக்கு மேடு கடகடத்தது. லாபிருக்குப் பரம சந்தோஷம். "கேட்டியா? கேட்டியா?" என்று குதித்தான். அங்கிருந்த நீர்வீழ்ச்சியைத் தாண்டியதும் சத்தம் குறைந்தது. நுவரெலியாவுக்குள் நுழைந்தபோது அடியோடு நின்றே போய்விட்டது. லாபிருக்கு வியர்த்தது. "போடேன்! சத்தம் போட்டுத் தொலையேன்!" என்று காரைக் கெஞ்சினான். பாவிக் கார், பால் குடித்த பூனையாய்ப் போய்க்கொண்டிருந்தது.

கந்தப்பளைக் கடைவீதியே திரண்டு நின்றது. லாபிர் ஏற்றத்தில் ஏற்றினான், இறக்கத்தில் இறக்கினான். ஒரு முனகல்கூட இல்லை.

"மொதலாளி, சத்தமெல்லாம் ஒங்க வாயிலதான் போல!" என்றான் முடிவெட்டும் மூக்கன். ஊரே சிரித்தது.

றோலண்ட் சிரிக்கவில்லை. கையைக் கட்டிக்கொண்டு, "சொல்லு" என்றான்.

லாபிர் காரை விட்டு இறங்கினான். அப்போது காருக்குள்ளிருந்து றுக்கையாவின் குரல் வந்தது.

"கொஞ்சம் பொறுங்க! றோலண்ட் அண்ணே, இந்தக் காரு எப்பவாச்சும் இறம்பொடைக்குக் கீழ எறங்கியிருக்கா?"

"இல்லயே. தொர கொழும்புக்கு ரயில்லதான் போவாரு. காரு இந்தப் பக்கத்தோட சரி."

"அதான்! இறம்பொடைக்குக் கீழதான் சத்தம் போடுது, மேல வந்தா நின்னுடுது. இவ்வளவு ஒசரத்துல, இங்க பருப்பு லேசுல வேகாது. கலியாணம் முடிச்சுப் போன புதுசுல, இங்கத்த கணக்குக்கு அங்க அடுப்ப எரிச்சு, பருப்பக் கூழாக்கி இவருகிட்ட நான் வாங்கின பேச்சு கொஞ்சமா? காருக்கும் மேல ஒரு பதம், கீழ ஒரு பதம் இருக்காதா?"

றோலண்ட் வாயைப் பிளந்தான். பிறகு தலையில் பட்டென்று அடித்துக்கொண்டான்.

"ஐயோ ஆண்டவரே! நான்தான்! இங்க காத்து கம்மி, ஏத்தத்துல இழுக்கலன்னு, எஞ்சின்ல பெட்ரோலப் பத்த வைக்கிற பொறி கொஞ்சம் முந்தி விழுற மாதிரி நான்தான் என்னைக்கோ திருப்பி வச்சேன்! கீழ காத்து கெட்டி. அங்க முந்தி விழுந்தா சும்மா இருக்குமா? கடகடன்னு அடிக்கத்தான் செய்யும்!"

"வாயில சொன்னா ஆச்சா?" என்றான் மூக்கன்.

"பாத்துட்டு வர்றோம்டா!" றோலண்ட் ஒரு ஸ்பானரைப் பிடுங்கிக்கொண்டு முன்சீட்டில் பாய்ந்தான்.

இறம்பொடையைத் தாண்டிக் கீழே முதல் மேடு. லாபிர் மிதித்தான். கடகடகட!

"சத்தம்! மச்சான், சத்தம்!" என்று றோலண்ட் கூத்தாடினான். எஞ்சின் கடகடப்பதைக் கேட்டு இரண்டு ஆண்கள் இப்படிக் கட்டிப்பிடித்துக்கொண்டதை அந்த ரோடு பார்த்திருக்காது. காரை நிறுத்தியதும் றோலண்ட் மூடியைத் திறந்து, ஒரு நட்டைத் தளர்த்தி, மயிரிழை திருப்பி, மறுபடி இறுக்கினான். அதே மேட்டில் திரும்பவும் ஏற்றினார்கள். தண்ணீர் விழும் ஓசை மட்டுந்தான் கேட்டது.

லாபிருக்குக் கண் கலங்கிவிட்டது. "மச்சான், ஒன்னையப் போயி..."

"இங்க வேணாம். எங்க சொன்னியோ, அங்க வந்து சொல்லு."

சொன்ன மாத்திரத்தில் லாபிர் காரைத் திருப்பிவிட்டான். சந்தோஷத்தில் ஒருத்தருக்கும் மூளை வேலை செய்யவில்லை. கீழுக்குத் திருப்பி வைத்தது மேலுக்கு ஆகுமா? கந்தப்பளையின் கடைசி ஏற்றத்தில் கார் இரைத்து, இருமி, நின்றேவிட்டது.

"திருப்பி வச்சுடலாம். ஸ்பானர எடு" என்றான் லாபிர்.

"இறம்பொடையில கல்லு மேல வச்சுட்டேன் போலிருக்கே, மச்சான்."

வேறு வழி? றுக்கையா முன்னால் வந்து ஸ்டியரிங்கைப் பிடித்தாள். இரண்டு பேரும் பின்னாலிருந்து தோள் கொடுத்துத் தள்ளினார்கள். கடைவீதி மறுபடியும் வெளியே வந்து நின்றது.

"கேட்டுக்கங்க!" என்று லாபிர் மூச்சு வாங்கக் கத்தினான். "றோலண்ட் கள்ளன் இல்ல! நான்தான் அவசரப்பட்டு வாயை விட்டவன்!"

"இவன் பொய்யனும் இல்ல!" என்று பக்கத்திலிருந்து றோலண்ட் கத்தினான். "சத்தம் நெசந்தான்!"

"அப்ப காரு ஏன் ஓடல?" என்று மூக்கன் சவரக்கத்தியும் கையுமாய்க் கேட்டான்.

இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். சிரிப்பு பீறிட்டது. கை தளர்ந்து கார் பின்னால் உருளத் தொடங்கியது.

"சிரிச்சது போதும், தள்ளுங்க ரெண்டு பேரும்!" என்று றுக்கையா முன்னாலிருந்து சத்தம் போட்டாள். "மேடு இன்னும் முடியல!"