இலஞ்சியில் நிலை வைத்த நாள்

2025ஆம் ஆண்டு ஜூலைத் திங்கள் பத்தாம் நாள், வியாழக்கிழமை. விடியற்காலை முதல் குற்றால மலை முகிலுக்குள் மறைந்திருந்தது. மேற்கிலிருந்து வீசும் மேல்காற்றும் சாரலும் ஓயவில்லை.

இலஞ்சியில் உமா மகேஸ்வரி ஒப்பந்தம் எடுத்துக் கட்டும் முதல் வீட்டிற்கு, அன்று வாசல் நிலை வைக்கும் நாள். வீட்டுக்காரர் பெஞ்சமின் திருவேங்கடத்தில் உரக்கடை நடத்துபவர். அவ்வூரில் தம் அண்ணன் கட்டியதைப் போலவே மேற்கே பார்த்த வாசலும் திறந்த முகப்பும் வேண்டும் என்பது அவர் கட்டளை. அங்கே கரிசல் மண் வெடித்துச் சுவரைப் பிளக்கும். ஆதலால் அடித்தளத்தில்தான் கவனம் முழுவதும். காற்றுக்கு வாசலைத் திறந்தே வைப்பார்கள். இங்கேயோ அந்தக் காற்று மழையையும் சுமந்துகொண்டு வரும். இதனை உமா எடுத்துரைத்தபோது அவர் ஒரே பேச்சில் முடித்துவிட்டார்: "வாசலை மாத்தச் சொன்னா, நான் ஆளை மாத்திருவேன்."

உமா வாதாடவில்லை. அது மூலை மனை. வடக்கிலும் தெரு உண்டு. மேற்கே நிலைக்கு இடம் விட்டவள், வடக்குச் சுவரிலும் அதே அளவில் ஓர் இடம் விட்டாள்.

"அது என்னத்துக்கு?"

"இருக்கட்டும் அண்ணாச்சி, பொறவு உதவும்."

இன்று நிலையை மேற்கே தூக்கி நிறுத்தி முட்டுக் கொடுத்தனர். பெஞ்சமினின் மனைவி ஷாரோன் ஜெபத்திற்கு மெழுகுவர்த்தி ஏற்றினாள், அணைந்தது. மறுபடியும் ஏற்றினாள்; அணைந்தது. பெஞ்சமின் குடை பிடித்தார்; குடை பின்பக்கமாக மடங்கிக்கொண்டது.

"வீட்டுக்குள்ளயே அருவி கொட்டுது. இனி குத்தாலத்துக்கு எதுக்குப் போவணும்?" என்று ஷாரோன் சிரித்தாள்.

"ஏட்டி, சும்மா இரி." அவர் முகத்தைத் துடைத்துக்கொண்டு உமாவின் பக்கம் திரும்பினார். "எம்மா, இது எப்பம் நிக்கும்?"

"ஆவணி வரைக்கும் இப்படித்தான். அடுத்த ஆனியில திரும்ப வந்துரும். நிலைக்கு இன்னும் சிமெண்டு வைக்கல அண்ணாச்சி. நீங்க சொல்லுத இடத்துல வைக்கேன்."

பெஞ்சமின் வடக்குச் சுவரைப் பார்த்தார். "தெரிஞ்சேதான் விட்டிருக்க, என்ன?"

"தெரிஞ்சேதான்."

"அப்பம் இந்த மேற்கு ஓட்டை?"

"அடைச்சிட்டு, வெளிய சரிவாத் தகரம் இறக்குவோம். அங்கன கார் விடலாம்."

"கார் நனையும்லா?"

"நனையட்டுமே. அது என்ன ஜெபமா பண்ணப்போவுது?"

அவர் வாய்விட்டுச் சிரித்துவிட்டார். "தூக்குங்கலே, வடக்க!"

நால்வர் நிலையைச் சுமந்து சென்றனர். அங்கே ஷாரோன் மறுபடியும் ஏற்றிய சுடர் சற்றே சாய்ந்து, பின்னர் நிமிர்ந்து நின்றது. முதல் கரண்டிச் சாந்தை உமா பெஞ்சமினின் கையில் கொடுத்தாள். ஜெபம் முடிந்து அனைவரும் "ஆமென்" என்றபோது, நேரம் முற்பகல் பத்து மணி நாற்பது நிமிடம்.