ஒரு டைல்கூட வெட்டாத வீடு

1

இந்தக் கதை என் பொய்யில் பிறந்தது. விலைக்கு வந்த ஒரு புது வீட்டைப் பார்க்கப் போனேன். அதைக் கட்டிய மேஸ்திரியிடம் வேண்டாம் என்று சொல்ல வாய் வராமல் ஒரு மணி நேரம் தரையைப் புகழ்ந்தேன். "வீட்டுல கலந்துக்கிட்டுச் சொல்றேன்" என்று நழுவிவிட்டேன். என் வீட்டில் கலந்துகொள்ள என்னைத் தவிர ஒரு ஈ காக்கைகூடக் கிடையாது.

2

முதல் தொடக்கம்: 'மாலை வெயில் அந்தக் கட்டடத்தின் மீது' — வேண்டாம். வெயிலில் ஆரம்பித்த என் கதைகள் எதுவும் உருப்பட்டதில்லை.

இரண்டாவது: டைல்ஸ் மேஸ்திரி ஒருவர் இருபத்தாறு வருஷம் அடுத்தவர் வீட்டுத் தரையில் முட்டி போட்டு வேலை பார்த்தார். முட்டி தேய்ந்துவிட்டது. இனிக் குனிந்தது போதும், நாமே கட்டி விற்போம் என்று துணிந்து, சின்ன மனை ஒன்றில் ஒரு வீட்டை எழுப்பினார். இது விற்றால் அடுத்த வீடு. விற்காவிட்டால் மறுபடி முட்டி.

(இதையே முதலில் எழுதித் தொலைத்திருக்கலாம்.)

3

சுவரோரத்தில் டைலை வெட்டி ஒட்டுவது என்றாலே மேஸ்திரிக்கு ஆகாது. அதனால் அறைகளையே முழு டைல் அளவுக்குக் கட்டிவிட்டார். வீடு முழுக்க ஒரு டைல்கூட வெட்டவில்லை! படுக்கையறையில்தான் சின்னச் சிக்கல். கட்டிலைப் போட்டால் கதவு திறக்காது.

அவர் மனைவி தலையில் அடித்துக்கொண்டார். "எல்லாரும் வீட்டுக்குத் தரை போடுவாங்க. நீங்க தரைக்கு வீடு கட்டியிருக்கீங்க!"

"கட்டில் எதுக்குடி? தரையிலயே படுக்கலாம். எவ்வளவு வழவழன்னு இருக்கு பாரு."

"படுத்தா எந்திரிக்க உங்க முட்டி விடுமா?"

(மனைவி என்னைவிட நன்றாகப் பேசுகிறார். குறைக்கலாமா என்று யோசித்தேன். அப்புறம் கதையில் என்ன மிஞ்சும்? என் எழுத்திலும் மேஸ்திரியின் கோளாறுதான். வாக்கியம் வழவழக்கும், ஆள் கால் நீட்ட இடமிருக்காது.)

4

முடிவுகள்.

அ. சுவரை இடித்து ஓரடி தள்ளிக் கட்டுகிறார். அந்த ஓரடிக்கு டைல் வெட்டி ஒட்ட வேண்டும். அவரே ஒட்ட முட்டி விடாது, வேறு ஆள் ஒட்டினால் அவருக்கு உயிரே போய்விடும்.

ஆ. கட்டிலைத் துறந்த ஒரு துறவி வந்து வாங்குகிறார். (சிரிக்காதீர்கள். இதை இரண்டு பக்கம் எழுதினேன்.)

இ. நானே அந்த வீட்டை

5

இந்த இடத்தில் போன் வந்தது. மேஸ்திரிதான்.

"சார், வீட்டுல கலந்துக்கிட்டீங்களா?"

"உங்களை வச்சுத்தான் ஒரு கதை எழுதிக்கிட்டு இருக்கேன், மேஸ்திரி. முடிவுதான் பிடிபடல."

"கதை கிடக்கட்டும் சார். ஒரு பெரிய தரை வேலைக்கு நாளைக்கே வரச்சொல்லிக் கூப்பிடுறாங்க. இப்பவே பதில் சொல்லணும். நான் திரும்ப முட்டி போடணுமா வேண்டாமா? அதை மட்டும் சொல்லுங்க."

எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. முட்டி அவருடையது, முடிவு மட்டும் என்னுடையதா? "ஒரு நிமிஷம் மேஸ்திரி, கேட்டுச் சொல்றேன்" என்றேன்.

அவர் இன்னும் லைனில் இருக்கிறார். என்ன சொல்லட்டும்?