விளிம்பு தெரியாத எண்

ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்த கட்சுனோரியின் விரல் பொம்மைக் கப்பலின் மேல் ஊர்ந்துகொண்டிருந்தது. பீரங்கியைத் தொட்டது, ராடார் கம்பத்தைத் தொட்டது, ஹெலிகாப்டர் தளம் வரைக்கும் போய்விட்டு முகப்புக்குத் திரும்பி வந்து பக்கவாட்டைத் தடவியது. அங்கேயே தடவிக்கொண்டு நின்றது.

"நம்பர் எங்கடா?"

"உன் விரலுக்குக் கீழதாண்ணே இருக்கு" என்றார் தம்பி யுகிமாசா.

"ஒண்ணும் இல்லியே. வழவழன்னு மொட்டையா இருக்கு. யாரு கப்பல்டா இது?"

நியாயமான கேள்விதான். அந்த ரகக் கப்பல்கள் அத்தனையும் ஒரே அச்சு. முகப்பில் இருக்கும் எண்தான் பேர், ஊர் எல்லாம். கட்சுனோரி பாதி ஆயுளைக் கழித்தது நூற்றுத் தொண்ணூற்று நாலாம் எண் கப்பலில். கடற்படையிலிருந்து ஓய்வு பெற்ற நாள் முதலாய்த் தம்பியிடம் அதைச் செய்து தரச்சொல்லிக் கேட்டுக்கொண்டிருந்தார். குரே நகரத்தில் யுகிமாசாவின் பொம்மைக் கப்பல் கைவேலைக்கு ஈடு கிடையாது. ஆனால் துரைக்கு அந்தக் காலத்துப் போர்க்கப்பல்கள்தான் கப்பல். "உன்னுது வெறும் சாம்பல் கலர் டப்பாண்ணே, அடுத்த வருஷம் பாக்கலாம்" என்று சொல்லிவிட்டு ஷிசுவோகா பொம்மைக் கண்காட்சிக்கு வேறு எதையாவது தூக்கிக்கொண்டு ஓடுவார். அடுத்த வருஷம், அடுத்த வருஷம் என்றே அண்ணன் மண்டைக்குள் கட்டி வளர்ந்து கண்ணையும் தின்றுவிட்டது.

அதற்கப்புறம்தான் ஐயாவுக்குப் புத்தி வந்தது. ராப்பகலாய் உட்கார்ந்து செய்தார். எண் அச்சடித்த மெல்லிய படலத்தைத் தண்ணீரில் ஊறவைத்து, முகப்பின் வளைவில் நகர்த்திவைத்து, இளக்கும் மருந்தைத் தடவினால் அது கிழவி முகம் மாதிரிச் சுருங்கிக்கொள்ளும். அப்போது தொட்டால் போச்சு, கிழிந்துவிடும். தானாகக் காய்ந்து படியும் வரை யுகிமாசா இரண்டு கையையும் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். படிந்த பிறகு வார்னிஷ் அடித்தார், தேய்த்தார், மறுபடி அடித்தார். நகத்தால் கீறினாலும் விளிம்பு தட்டக் கூடாது, அதுதான் அவருடைய கர்வம். கண் தெரியாதவனுக்குக் கொண்டுபோகிறோமே என்ற நினைப்பு அந்த மரமண்டைக்கு வரவேயில்லை.

"இந்தத் தடவையும் முடிக்கல, அப்படித்தானே? குருடன்தானே, எதைக் கொடுத்தா என்னன்னு வேற ஒண்ணைத் தூக்கிட்டு வந்துட்டே."

"சத்தியமா உன்னுதுதாண்ணே!"

நர்ஸ் ஹினொகாவாவுக்குப் பொறுக்கவில்லை. "நம்பர் இருக்குங்கய்யா. நான் பாக்குறேனே, நூத்தித் தொண்ணூத்தி நாலு."

"அவன்கூடச் சேந்து நீயும் நாடகம் ஆடாதேம்மா."

கட்சுனோரி சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். யுகிமாசா ஜன்னலைப் பார்த்தார். வலி தாங்காமல் துடிக்கிறார், சாயங்காலம் பெரிய மருந்து ஏற்றிவிடுவோம், அப்புறம் நினைவு திரும்பாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். சாயங்காலம் இதோ ஜன்னலுக்கு வந்துவிட்டது. தம்பி ஏமாற்றிவிட்டான் என்ற நினைப்போடு அண்ணன் போகப்போகிறார்.

வழியில் ஏதாவது பெயர்ந்தால் தொட்டுவைக்கலாம் என்று யுகிமாசா பையில் வெள்ளை பெயின்ட் வைத்திருந்தார். கப்பலை ஜன்னல் விளிம்பில் வைத்து, பல்குச்சியால் பெயின்டைத் தோண்டி அந்த அழகான எண்ணின் மேல், விரலுக்குத் தட்டுகிற மேடாக, சொட்டுச் சொட்டாக அப்பினார். ஒன்பதின் வயிறு அடைத்துக்கொண்டது. நகத்தால் சுரண்டிவிட்டு மறுபடி அப்பினார். தான் செய்ததைத் தானே நாசமாக்குகிறோம் என்ற வருத்தம்கூட அவருக்கு இல்லை. காய வேண்டுமே, கடவுளே, காய வேண்டுமே!

"என்ன சார், வார்டெல்லாம் நாறுது!" என்று கத்திய நர்ஸ், அவர் முகத்தைப் பார்த்துவிட்டு ஜன்னலைத் திறந்தாள். எங்கிருந்தோ தலை உலர்த்தும் மெஷினைக் கொண்டுவந்து கொடுத்தாள். அவர் ஊதினார், அப்பினார், ஊதினார்.

வாசலில் மருந்து வண்டி வந்து நின்றது. கூடவே டாக்டர்.

"ஒரு நிமிஷம் டாக்டர், உங்க கால்ல விழுறேன்." கப்பலைக் கட்டிலுக்குக் கொண்டுபோய் அண்ணன் கையைப் பிடித்து முகப்பில் வைத்தார். "அண்ணே, கோவத்தை அப்புறம் வச்சுக்கோ. ஒரு தடவை தொட்டுப் பாரு."

விரல் மனசில்லாமல் நகர்ந்தது. எதிலோ தட்டியது.

"ஒண்ணு" என்றார் கட்சுனோரி. அப்புறம், "இது ஒம்பது." அப்புறம் விரல் சறுக்கியது. நாலு இன்னும் காயவில்லை. தேய்ந்து கலைந்து விரலோடு வந்துவிட்டது.

யுகிமாசாவுக்கு உயிரே போய்விட்டது. எல்லாம் முடிந்தது.

கட்சுனோரி விரலை மூக்கருகே கொண்டுபோனார். முகர்ந்தார்.

"பெயின்ட். இப்பத்தான் அடிச்சியா?"

பொய் சொல்ல வாய் வரவில்லை. "ஆமாண்ணே. இப்பத்தான்."

கட்சுனோரி சிரித்தார். மாசக்கணக்கில் யாரும் கேட்காத சிரிப்பு.

"பாவிப் பய கப்பல்டா அது. பொழுது விடிஞ்சா துருவைச் சுரண்டு, பெயின்ட் அடின்னு உயிரை எடுப்பானுங்க. ஒரு நாள்கூட அது காஞ்சு பாத்ததில்ல. சோத்துல கூட இந்த நாத்தம்தான்." மறுபடி முகர்ந்தார். "நூத்தித் தொண்ணூத்தி நாலேதான். என் கப்பலேதான்டா."

டாக்டர் ஊசியை ஏற்றினார். கட்சுனோரி தூங்கிப்போனார். வெள்ளை படிந்த விரல் மூக்குக்குப் பக்கத்திலேயே தலையணையில் கிடந்தது. நர்ஸ் பஞ்சை நனைத்து எடுத்துக்கொண்டு வந்தாள்.

"துடைக்காதேம்மா" என்று சொல்லிவிட்டு யுகிமாசா வாய்விட்டு அழுதார்.